வீட்டிலே படித்த பௌதிகம்



பரிசளிப்பு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். சரித்திரம் என்றால் ராஜேந்திர சோழனும் கடாரமும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறொரு சரித்திரம். பௌதிகம் என்னும் பாடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் கற்றவர்களின் சரித்திரம். (இன்று பாடப் புத்தகங்களில் இயற்பியல் என்று போடுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் நான் படித்த நாளில் பௌதிகம் என்றுதான் சொன்னோம். நாக்கு அதற்கே பழகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இதை எழுத ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. எஸ்.பி.எம். தேர்வே அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிப் போயிற்று. அந்த நாட்களில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளின் பெற்றோர் பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஐயா, புத்தகத்தை வீட்டிலே வெச்சுப் படிச்சிடுவான். பௌதிகத்துக்கு லேப் வேணுமே, அதுக்கு எங்க போறது?" அப்பொழுது அவர்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில். கொஞ்சம் தாமதமாக வருகிறது.

முதலில் நம்மவர் ஒருவரைச் சொல்கிறேன். 1910 அக்டோபர் 19-ஆம் தேதி லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சந்திரசேகர் பிறந்தார். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. தாயார் சீதாலட்சுமி. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும் வரையில் பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடவில்லை. வசதி இல்லாமல் அல்ல. வீட்டிலேயே நன்றாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை. அப்பா ஆபீசுக்குப் புறப்படுமுன் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுப்பார். தமிழ் அம்மாவின் பொறுப்பு. அந்த அம்மா அதிகம் பள்ளியில் படித்தவர் அல்லர். பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஆங்கிலம் கற்று, நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் புகழ்பெற்ற நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். அப்படிப்பட்ட தாய் வீட்டில் இருக்கும்போது வாத்தியாருக்குப் பஞ்சம் ஏது?

குடும்பம் சென்னைக்கு வந்தபின் 1922-இல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே பையனுக்கு முதல் ஆண்டு பிடிக்கவில்லையாம். வீட்டில் தனக்குப் பிடித்ததையே படித்துப் பழகியவனுக்குப் பூகோளமும் சரித்திரமும் கசந்தன. மறு ஆண்டு இயற்கணிதமும் வடிவகணிதமும் வந்தபின்தான் முகம் மலர்ந்தது. விடுமுறையிலேயே அடுத்த ஆண்டுப் புத்தகத்தை முடித்துவிடும் பழக்கம் அப்பொழுது உண்டானது.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே ஒரு சின்னக் குடும்பச் சண்டை. பையனுக்குக் கணிதத்தில் ஆனர்ஸ் படிக்க ஆசை. கணித மேதை ராமானுஜன் பெயரைக் கேட்டு வளர்ந்தவன். தகப்பனாருக்கோ மகன் ஐ.சி.எஸ். எழுதிப் பெரிய உத்தியோகத்தில் அமர வேண்டும், அதற்குப் பௌதிகம் நல்லது என்று எண்ணம். கடைசியில் பெயரைப் பௌதிக ஆனர்ஸில் பதிந்துகொண்டு, கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்துகொண்டான். 1928-இல் ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்ட் என்னும் பேராசிரியர் சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணுப் புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்திருந்த சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். 'நீ படித்த பௌதிகம் பழையதாகிவிட்டது; அதற்குள் எல்லாம் மாறிவிட்டது' என்ற கருத்தில் அவர் சொன்னபோது பதினேழு வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! சோர்ந்து போகவில்லை. புதியதைத் தேடிப் படித்தார். மறு ஆண்டே அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. 1930-இல் மேற்படிப்புக்குப் புறப்பட்டபோது அம்மா நோயாகக் கிடந்தார். போக வேண்டாம் என்று சொன்ன உறவினர் உண்டு. போகத்தான் வேண்டும் என்று சொன்னவர் அந்த அம்மாவே. மகன் திரும்பி வந்து அவரைப் பார்க்க முடியவில்லை. 1931-இல் அவர் காலமானார். பம்பாயிலிருந்து வெனிஸ் போகும் கப்பலில் உட்கார்ந்து அந்த இளைஞர் போட்ட கணக்குத்தான், எரிந்து தீர்ந்த ஒரு நட்சத்திரம் எவ்வளவு கனம் வரை தாங்கி நிற்கும் என்ற எல்லையைச் சொன்னது. அதற்கும் பிந்திய ஆராய்ச்சிகளுக்குமாகச் சேர்த்து 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐம்பத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பு!

"அது ஐயர் வீட்டுப் பிள்ளை, அப்பா அதிகாரி, சிற்றப்பா வேறு சர் சி. வி. ராமன். நம்ம புள்ளைங்களுக்கு யார் இருக்கா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. வீட்டில் புத்தக அலமாரியும் படித்த தாய் தந்தையும் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதனால்தான் இனி வேறு மாதிரி வீடுகளைப் பார்ப்போம்.

லண்டனில் ஒரு கொல்லன் வீடு. அங்கே 1791-இல் பிறந்த மைக்கேல் ஃபாரடே எழுதப் படிக்கக் கொஞ்சம் கற்றதோடு பள்ளியை விட்டவர். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போனார். கட்ட வந்த புத்தகங்களை இரவில் படித்தார். ஜேன் மார்செட் என்ற அம்மையார், ரசாயனத்தை உரையாடலாக எழுதிய ஒரு நூல் அவருக்கு அங்கே கிடைத்தது. படித்ததை நம்பி விட்டுவிடாமல், கையிலிருந்த சில்லறையில் சாமான் வாங்கிச் செய்து பார்த்தார். நாணய அளவுக்குத் துத்தநாகத் தகட்டை வட்டமாக வெட்டி, செம்புத் தகடும் உப்புநீரில் நனைத்ததும் இடையிடையே அடுக்கி ஒரு மின்கலம் செய்தார். அந்தப் பையன்தான் பின்னாளில், 1831-இல், காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டவர். இன்று நம் வீட்டு விளக்கு எரிவது அந்த வழியில்தான்.

இன்னொருவர் கதை நமக்கு இன்னும் நெருக்கம். இது ரப்பர்க் கதை! இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1757-இல் பிறந்தவர் ஜான் காஃப். மூன்று வயது நிறையுமுன்னே அம்மை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆனாலும் செடி கொடிகளைத் தொட்டும் முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பெயர் சொல்லும் அளவுக்குக் கற்றார். அணுக்கொள்கையைத் தந்த டால்ட்டனுக்கு இளமையில் கணிதம் சொல்லிக்கொடுத்தவரும் இவரே. அந்நாளில் இந்திய ரப்பர் என்று சொல்லப்பட்ட பொருள் அங்கே ஓர் அபூர்வச் சாமான். அதில் ஒரு துண்டை எடுத்து உதட்டின் மேல் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தார். உதட்டில் சூடு தெரிந்தது! தளர விட்டார், குளிர்ந்தது. பிறகு ரப்பர்ப் பட்டையில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டுச் சூடு காட்டினார். இரும்பு, செம்பு எல்லாம் சூட்டில் நீளும். ரப்பரோ சுருங்கிக் கனத்தை மேலே தூக்கியது. இதை அவர் மான்செஸ்டர் சங்கத்தின் ஏட்டில் 1805-இல் வெளியிட்டார். பார்வை இல்லாதவர், ஆய்வுக்கூடம் இல்லாதவர். அவருடைய கருவி அவர் உதடு. அரை நூற்றாண்டு கழித்து ஜூல் என்ற பேரறிஞர் நுட்பமான கருவிகளை வைத்து அளந்து பார்த்து, 1859-இல் அதை உறுதி செய்தார். இன்றும் அதற்குக் காஃப்–ஜூல் விளைவு என்றுதான் பெயர்.

பிள்ளைகளே, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை எடுங்கள். கண்ணுக்குப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேல் உதட்டில் ஒட்டி வைத்துச் சட்டென்று இழுங்கள். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு தளர விட்டு மறுபடி உதட்டில் வையுங்கள். காஃப் கண்டதை நீங்களும் காண்பீர்கள்.

ஏன் அப்படி? ரப்பர் என்பது நீண்ட நீண்ட சங்கிலிகளாக இருக்கும் மூலக்கூறுகளின் கூட்டம். சும்மா விட்டால் அவை நூல்கண்டு சிக்கியது போலச் சுருண்டு கிடக்கும். இழுத்தால் வரிசையாக நிமிரும். சூடு என்பது மூலக்கூறுகளின் துடிப்பு. துடிப்பு கூடக் கூட அவை மறுபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும். அதனால்தான் சூடேற்றினால் ரப்பர் சுருங்குகிறது. இந்த விளக்கம் 1930-களில்தான் உருவானது. அதை வளர்த்த இடங்களில் ஒன்று இங்கிலாந்தில் வெல்வின் நகரில் இருந்த ரப்பர் ஆராய்ச்சி நிலையம். அங்கே பணியாற்றிய டிரெலோர் என்பவர் ரப்பரின் மீள்தன்மை பற்றி 1949-இல் எழுதிய நூல் அத்துறையில் புகழ்பெற்றது. அந்த நிலையம் நடந்த பணம் எங்கிருந்து போனது தெரியுமா? மலாயாவிலும் மற்றக் காலனிகளிலும் விளைந்த ரப்பரின் மீது விதித்த வரியிலிருந்து. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன நம் பாட்டன் பாட்டி வெட்டிய பால், அந்தப் பௌதிகத்துக்கு விளக்கெரித்தது. அவர்கள் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்காது. இந்த மலரிலாவது சொல்லி வைப்போம்.

நம் பேராக் மாநிலத்துக்கு ரப்பர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கிருந்து தொடங்கி மாநிலம் முழுதும் தோட்டம், தோட்டம்தோறும் லயம், லயத்துக்கு ஓரமாக ஒரு பள்ளிக்கூடம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள். பெரும்பாலும் ஒரே வாத்தியார், ஒரே கூடம். எழுத்தும் கணக்கும் கொஞ்சம் தேவாரமும் தெரிந்தால் போதும் என்ற அளவு. அறிவியலுக்கு அங்கே இடமில்லை.

ஆனால், அதே தோட்டத்தில் நூறு கெஜம் தள்ளிப் பால் ஸ்டோரில் என்ன நடந்தது? ஒவ்வொரு நாளும் பௌதிகப் பரிசோதனை நடந்தது! காண்டாவில் இரண்டு வாளி தொங்க அப்பா அம்மா பாலைக் கொண்டு வந்து ஊற்றுவார்கள். கிராணி அளந்து, அதில் கொஞ்சம் எடுத்து, குறிப்பிட்ட அளவு தண்ணீர் கலந்து ஒரு குழாயில் ஊற்றி, அதற்குள் ஒரு மிதவையை விடுவார். மெட்ரோலாக் என்று அதற்குப் பெயர். அந்த மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதை வைத்துப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கு. அந்தக் கணக்குத்தான் சம்பளத்துக்கு அடிப்படை.

அதற்குள் இருப்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம், வேறொன்றும் இல்லை. மிதக்கும் பொருள் தன் கனத்துக்குச் சமமான திரவத்தை விலக்கும். திரவம் இலேசாக இருந்தால் மிதவை ஆழமாக இறங்கும். கனமாக இருந்தால் மேலே எழும்பும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு, கவனியுங்கள். மாட்டுப்பால் தண்ணீரைவிடக் கனம். அதில் தண்ணீர் கலந்தால் மிதவை கீழே இறங்கும். மரப்பால் தண்ணீரைவிட இலேசு, ஏனென்றால் ரப்பர் தண்ணீரில் மிதக்கும் பொருள். ஆகவே மரப்பாலில் தண்ணீர் கலந்தால் மிதவை மேலே வரும். இரண்டுக்கும் பெயர் பால், நடத்தை நேர்மாறு. வகுப்பில் இந்த ஒரு கேள்வியைப் போட்டால் அரை மணி நேரம் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போட்டும்!

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். எந்தத் தோட்டம் என்பது இப்பொழுது வேண்டாம். எனக்குப் பத்து வயது இருக்கும். இரவு பெய்த மழையில் மங்குகளில் தண்ணீர் நின்றிருக்கிறது. துடைத்துவிட்டு வெட்டினாலும் தூறல் விட்டபாடில்லை. அன்று வாளி நிறைய பால். அப்பா சந்தோஷமாக வந்தார். கிராணி மிதவையை விட்டுப் பார்த்து ஓர் எண்ணை எழுதினார். வழக்கத்தைவிட மிகக் குறைவு. "என்ன சாமி, வாளி நெறைய பால், கணக்கு மட்டும் கொறையுதே?" என்றார் அப்பா. "தண்ணி கலந்திருக்கு" என்று கிராணி சொன்னார். அப்பாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். திருடன் என்று சொன்னது போல அவருக்கு ஆகிவிட்டது. பதில் பேசவில்லை. அந்தக் கண்ணாடிக் குழாயை அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை, பார்க்கத் தெரியாது, பார்க்கச் சொன்னவரும் இல்லை.

பல ஆண்டுகள் அந்தக் கிராணியின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பிறகு பௌதிகம் படித்தபோதுதான் யோசித்தேன். மழைத் தண்ணீர் கலந்தால் அளவு கூடும், விழுக்காடு குறையும். உள்ளே இருக்கும் ரப்பர் அப்படியே இருக்கும். எண் குறைவாக வந்தது சரியாகவே இருந்திருக்கலாம். தப்பாகவும் இருந்திருக்கலாம், மேலே நிற்கும் நுரையை வழித்து எடுக்காமல் பார்த்தால் தப்பு வரும், குழாயின் பக்கத்தில் மிதவை ஒட்டிக்கொண்டால் தப்பு வரும். அன்று யார் சரி என்று இன்று சொல்ல முடியாது. அப்பாவும் இல்லை, அந்தக் கிராணியும் இல்லை. ஆனால் அன்று அப்பாவுக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்திருந்தால், "இன்னொரு தரம் விட்டுப் பாருங்க ஐயா" என்று கேட்டிருப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும் தைரியத்தைத்தான் நான் பௌதிகம் என்று இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பள்ளிகளில் ஆய்வுக்கூடம் எப்பொழுது வந்தது? அது ஏதோ ஆதிகாலம் தொட்டு இருப்பது போல நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் செய்முறைப் பாடம் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம் ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கே எட்வின் ஹால் என்ற பேராசிரியர் 1880-களின் பிற்பகுதியில் ஒரு சிறு கையேடு தயாரித்தார். சேர விரும்பும் மாணவன் சுமார் நாற்பது சோதனைகளைத் தானே செய்து, குறிப்பேட்டில் எழுதி, ஆசிரியரின் கையெழுத்தோடு கொண்டு வர வேண்டும் என்று விதி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கேட்டது விலையுயர்ந்த கருவியை அல்ல. அந்தக் குறிப்பேட்டை.

அடுத்த திருப்பம் போருக்குப் பிறகு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பல நாடுகளின் பள்ளி ஆய்வுக்கூடங்கள் தரைமட்டமாயின. அந்த ஆசிரியர்களுக்கு உதவ, கிடைத்த சாமானை வைத்துச் சோதனை செய்வது எப்படி என்று ஸ்டீஃபன்சன் என்ற லண்டன் ஆசிரியர் எழுதியதை 1948-இல் யுனெஸ்கோ வெளியிட்டது. எதிர்பாராத ஒன்று நடந்தது. ஆய்வுக்கூடத்தை இழந்த நாடுகளைவிட, ஆய்வுக்கூடத்தையே கண்டிராத நாடுகளில் அந்தப் புத்தகம் மிகவும் பயன்பட்டது. அதை விரிவாக்கி 1956-இல் அறிவியல் ஆசிரியர்களுக்கான கைந்நூலாக வெளியிட்டார்கள். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. டின், புட்டி, மெழுகுவர்த்தி, சைக்கிள் கம்பி இவைதான் அதன் கருவிகள்.

நம் நாட்டிலும் 1969-இல் ஒருங்கிணைந்த அறிவியல் என்ற பாடமும், 1972-இல் மேல் படிவங்களுக்கு நவீனப் பௌதிகமும் வந்தன. பின்னது பிரிட்டனின் நஃபீல்டு திட்டத்தைப் பின்பற்றியது. 'சொல்வதைக் கேட்காதே, செய்து பார்' என்பது அதன் சாரம். சாரம் நல்ல சாரம்தான். நான் படித்த இடைநிலைப் பள்ளியிலோ ஆய்வுக்கூடத்துச் சாவி எப்பொழுதும் யாரிடமோ இருந்தது. சோதனையின் விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். நாற்பது பேரும் ஒரே எண்ணை எழுதிக்கொள்வோம். நாற்பது பேருக்கும் ஒரே விடை வந்தால் அது சோதனை அல்ல, நகல் எடுப்பது. இந்த வழக்கம் முழுதும் ஒழிந்துவிட்டதா என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளையையே கேட்டுப் பாருங்கள்.

தஞ்சோங் மாலிம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்ணம் ஆற்றுக்கு இக்கரையில் 1922 நவம்பரில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. மலாய்ப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவதற்காக. தொடக்க காலத்தில் கூடை முடைதலும் தோட்ட வேலையும் அங்கே முக்கியப் பாடங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இது போதும் என்ற வெள்ளைக்காரர் எண்ணம் அதில் இருந்தது. தோட்டப் பள்ளிகளிலும் அதே எண்ணம்தான். அந்தக் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கிருந்து பௌதிக ஆசிரியர்களும் பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள். கூடைக்குள் இருந்து பௌதிகம் வந்ததென்று சொன்னால் சிரிப்பீர்கள். கூடை முடைவதும் கை வேலைதான், கணக்கு வேலைதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்திவிட நினைத்ததுதான் தவறு.

இப்பொழுது வெளிநாடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இது சட்டப்படி செல்லும். அங்கே வீட்டில் படிக்கும் பிள்ளையும் ஆனர்ஸ் தரத்தில், அதாவது சாதாரண வகுப்பைவிடக் கணிதம் கூடிய தரத்தில், செய்முறையோடு பௌதிகம் படிக்கலாம். சமையல் மேசையில் சோதனை, பக்கத்தில் குறிப்பேடு. நம் நாட்டில் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். வீட்டில் படிக்க வைக்க விரும்பினால் விலக்கு வாங்க வேண்டும். அப்படிப் படிப்பவர்களில் பலர் எழுதும் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. பௌதிகத்தில், செய்முறைத் தேர்வுக்கு மாற்றாக எழுத்துத் தாள் ஒன்று உண்டு. வசதிதான். ஆனால் நீச்சலைப் பற்றித் தேர்வு எழுதுவது போல அது ஆகிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு உண்டு. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது புரிந்துகொண்டால் தலைமையாசிரியர் என்னைச் சும்மா விடமாட்டார்! பள்ளி மணி அடித்தபின் வீட்டில் என்ன நடக்கலாம் என்பதே என் பேச்சு.

சர் சி. வி. ராமனும் மணி அடித்தபின் படித்தவர்தான். பதினெட்டு வயதில், 1907-இல், கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரி. பவ்பஜார் தெருவில் அறிவியல் சங்கம் ஒன்றின் பலகையைப் பார்த்து உள்ளே போனார். அதன் பிறகு பல ஆண்டு, ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கேதான் ஆராய்ச்சி. மிருதங்கத்தின் நடுவில் பூசும் கறுப்புச் சோறு ஏன் இனிய நாதம் தருகிறது என்பதை 1920-இல் வெளிநாட்டு ஏட்டில் எழுதினார். நம் கோயில் திருவிழாவில் நாம் ஆயிரம் தடவை கேட்ட ஓசை! 1928 பிப்ரவரி 28-இல் கண்ட ஒளிச் சிதறலுக்கு அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் முதலில் பயன்படுத்தியவை சூரிய வெளிச்சம், நிறக் கண்ணாடி, திரவம், தங்கள் கண். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடு வரை ஒரு மீட்டர் இருக்கும்படி தொங்கவிடுங்கள். இலேசாக ஆட்டி, போய் வரும் ஆட்டம் இருபதுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நாற்பது விநாடிக்குப் பக்கத்தில் வரும். கயிற்றைக் கால் மீட்டராக்கினால் நேரம் பாதியாகும், காலாகாது. ஏன் என்று பிள்ளை கேட்கட்டும். காலி மைலோ டின்னின் அடியில் ஆணியால் சிறு துளை போட்டு, வாயை எண்ணெய்க் காகிதத்தால் மூடி, இருட்டான இடத்திலிருந்து வெளியே காட்டுங்கள். தென்னை மரம் தலைகீழாகத் தெரியும். (சூரியனை நேரே பார்க்கக் கூடாது.) உறிஞ்சு குழாயின் ஒரு முனையை மெழுகால் அடைத்து, உள்ளே சிறிது மணலைப் போட்டால் அதுவே ஒரு மிதவை. தண்ணீரிலும் உப்பு நீரிலும் விட்டுக் கோடு போடுங்கள். வீட்டு மின்சாரத்தையும் பால் உறைய வைக்கும் அமிலத்தையும் மட்டும் தொட விடாதீர்கள்.

குறிப்பேடு முக்கியம். தேதி, என்ன செய்தோம், என்ன கண்டோம். தப்பாக வந்த எண்ணையும் அடிக்காமல் வைத்திருக்க வேண்டும். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து "இன்னொரு தரம் செஞ்சு காட்டு" என்று கேளுங்கள்.

சென்ற மாதம் என் பேத்தி உறிஞ்சு குழாய் மிதவை ஒன்று செய்தாள். பக்கத்து ரப்பர்ச் சிறுதோட்டத்திலிருந்து ஒரு மங்குப் பால் வாங்கி வந்து கொடுத்தேன். தண்ணீர் கலந்து, மிதவையை விட்டு, கோடு போட்டாள். மறுபடி தண்ணீர் கலந்தாள், மிதவை ஒரு நூல் மேலே வந்தது. மூன்றாம் தடவை மட்டும் கீழே போயிற்று. "தாத்தா, இது தப்பு" என்று அழித்து எழுதப் போனாள். அழிக்க வேண்டாம் என்றேன். குனிந்து பார்த்தோம், குழாய்க்குள் பால் ஏறியிருந்தது, மெழுகு சரியாக அடைபடவில்லை. அதையும் எழுதிக்கொண்டு, புதுக் குழாய் தேடிக் கடைக்குப் போனாள்.